தனிச்சூழலில் மென்பொருள் பொதிகள்: தேவை, வழிமுறை, எல்லை

மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருள் பொதியைக் கட்டமைக்கும்போது இரண்டு வகை உள்ளீடுகள் அதில் சேருகின்றன. பொதியை உருவாக்குபவர் அறிந்து கொடுப்பவை ஒரு வகை: மூலநிரல், கம்பைலர், தேவையான நிரலகங்கள். அவர் அறியாமலே வந்து சேர்பவை மற்றொரு வகை: கணினியில் எப்போதோ நிறுவிய கருவி, வீட்டுக் கோப்புறையில் கிடக்கும் அமைப்புக் கோப்பு, மொழி அமைப்பு, கடிகாரம், செயலியின் மாதிரி, இணையத்திலிருந்து இடையில் இறங்கும் ஒரு நிரலகம். இந்த இரண்டாம் வகையை வெளியே நிறுத்திவிட்டு, எழுத்தில் கேட்டதை மட்டும் உள்ளே அனுமதித்துப் பொதியைக் கட்டமைக்கும் இடமே தனிச்சூழல்.

"என் கணினியில் ஓடுகிறதே" என்பது மென்பொருள் அலுவலகங்களில் அன்றாடம் கேட்கும் பேச்சு. சொல்பவர் பொய் சொல்வதில்லை. அவருடைய கணினியில் இருந்து, அவருடைய குறிப்பில் இல்லாமல் போன ஏதோ ஒன்று அந்தப் பொதியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது என்ன என்று அவருக்கே தெரியாது. ஒருவர் தமக்காக எழுதிய நிரலில் இதனால் கேடு குறைவு. லட்சக்கணக்கான கணினிகளுக்குச் செல்லும் இயங்குதளத்திலோ, ஒரு நாட்டின் மக்கள் அனைவரும் பயன்படுத்தும் அரசுச் செயலியிலோ அந்த அறியாமையைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

ஓர் எழுத்துருப் பொதி

தமிழ் வாசகருக்கு நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டில் இதைப் பார்க்கலாம். லோகித் தமிழ் எழுத்துரு டெபியன் இயங்குதளத்தில் ஒரு தனிப் பொதியாகக் கிடைக்கிறது. அதன் மூலம் எழுத்து வடிவங்களை விவரிக்கும் ஓர் உரைக்கோப்பு. ஃபான்ட்ஃபோர்ஜ் என்னும் கருவி அதைப் படித்து, கணினிகள் ஏற்கும் எழுத்துருக் கோப்பாக மாற்றுகிறது.

எழுத்துருவில் வேலை செய்பவரின் கணினியில் ஃபான்ட்ஃபோர்ஜ் எப்போதும் இருக்கும். ஆகவே, 'இந்தப் பொதியைக் கட்டமைக்க ஃபான்ட்ஃபோர்ஜ் தேவை' என்று பொதியின் கட்டுப்பாட்டுக் கோப்பில் எழுத அவர் மறந்தாலும் வேலை தடையின்றி முடிந்துவிடும். அதே பொதியைத் தனிச்சூழலில் கட்டமைத்தால் முதல் சில நொடிகளிலேயே 'கட்டளை காணப்படவில்லை' என்று நின்றுபோகும். டெபியனில் தனிச்சூழலாக எழுப்பும் குறைந்தபட்ச அறையில் அடிப்படைக் கட்டளைகள், சி, சி++ கம்பைலர்கள், மேக் கருவி, பொதி செய்யும் கருவிகள் ஆகியவையே இருக்கும். மற்றவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்டவை மட்டும் அறையில் நிறுவப்படும். வேலை முடிந்ததும் அறையே அழிக்கப்படும். அடுத்த பொதிக்குப் புது அறை. ஒரு பொதியின் எச்சம் இன்னொன்றில் ஒட்டுவதற்கு இதில் வழி இல்லை.

இங்கே நேரும் தோல்வி பயனுள்ள தோல்வி. விடுபட்ட ஒரு வரியை அது சுட்டிக்காட்டுகிறது. அந்த வரி சேர்ந்தபின், அந்த எழுத்துருவைப் பத்து ஆண்டு கழித்து முன்பின் அறியாத ஒருவரும் கட்டமைக்க முடியும். சென்னையில் சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற, டெபியனை அடித்தளமாகக் கொண்ட இயங்குதளங்களுக்கு இது உயிர்நாடியான விஷயம். மேலிருந்து வரும் பொதிகளின் தேவைப்பட்டியல் முழுமையாக இருந்தால்தான் அவற்றைத் தம் இடத்தில் திருத்தி மறுபடி கட்டமைக்க முடியும்.

சிஎச்ரூட் முதல் கொள்கலன் வரை

இந்த எண்ணத்தின் வேர் யுனிக்ஸில் இருக்கிறது. 1979-இல் வெளிவந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பில் சிஎச்ரூட் என்னும் அமைப்பு அழைப்பு இடம்பெற்றது. ஒரு நிரலுக்கு, குறிப்பிட்ட ஒரு கோப்புறையையே முழுக் கோப்பு முறைமையின் உச்சியாகக் காட்டுவது அதன் வேலை. அந்தக் கோப்புறைக்கு வெளியே உள்ளவை அந்த நிரலின் பார்வைக்கு எட்டா. 1982-இல் பில் ஜாய் இதை பெர்க்லி யுனிக்ஸில் சேர்த்தார். இயங்குதளத்தின் நிறுவலையும் கட்டமைப்பையும் சோதிப்பதே அவருடைய நோக்கம் என்று சொல்லப்படுகிறது. பின்னாளில் பாதுகாப்புக் கருவியாகப் பேசப்பட்ட ஒன்று, கட்டமைப்பு வேலையோடு தொடக்கத்திலேயே பிணைந்திருந்தது.

1993-இல் தொடங்கிய டெபியன் திட்டம், பல செயலி வகைகளுக்குப் பொதிகளைத் தர வேண்டியிருந்ததால் தானியங்கிக் கட்டமைப்புக் கணினிகளை அமைத்தது. தனியாட்களுக்கு பிபில்டர், எஸ்பில்ட் ஆகிய கருவிகள் வந்தன. ஃபெடோரா இதே வேலைக்கு மாக் என்னும் கருவியையும் அதை இயக்கும் கோஜி அமைப்பையும் வைத்திருக்கிறது. ஆர்ச் லினக்ஸுக்கும் ஆல்பைனுக்கும் தத்தம் கருவிகள் உண்டு. ஓபன்சூசேயின் ஓபன் பில்ட் சர்வீஸ் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு மெய்நிகர் கணினியையே எழுப்பிக் கட்டமைக்க வல்லது.

நீண்ட காலம் டெபியனில் பராமரிப்பாளர் தம் கணினியில் கட்டமைத்த இருமக் கோப்பையும் பதிவேற்றலாம். 2019-இல் புஸ்டர் என்னும் பதிப்பின் வெளியீட்டை ஒட்டி அந்த வழி குறுகியது. அடுத்த வெளியீட்டுக்கான சோதனைப் பிரிவுக்குள் ஒரு பொதி நுழைய வேண்டுமானால், அதன் இருமக் கோப்பு திட்டத்தின் சொந்தக் கட்டமைப்புக் கணினிகளில் உருவானதாக இருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. தனிமனிதரின் கணினி மீது வைத்த நம்பிக்கை, எல்லோரும் பதிவுகளைப் படித்துப் பார்க்கக்கூடிய பொதுக் கணினிக்கு மாறியது.

இதற்கிடையே இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலில் பிரிப்பு வசதிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கோப்பு முறைமைப் பார்வை, செயல்முறைப் பட்டியல், வலையமைப்பு, பயனர் அடையாளம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரிக்க முடிந்தது. 2013 பிப்ரவரியில் வெளியான கெர்னல் 3.8, பயனர் அடையாளப் பிரிப்பை நிறைவுக்குக் கொண்டுவந்தது. அதன்பின் கணினி மீது முழு அதிகாரம் தரும் ரூட் உரிமை இல்லாத சாதாரணப் பயனரும் தமக்கென ஓர் அறையைத் திறக்க வழி ஏற்பட்டது. அடுத்த மாதமே டாக்கர் பொதுவெளிக்கு வந்து, இப்படிப் பிரித்த அறைகளான கொள்கலன்களை ஒவ்வொரு நிரலாளரின் கைக்கும் கொண்டுசேர்த்தது.

எவ்வளவு தனிமை?

தனிச்சூழல் என்று பொதுவாகச் சொன்னாலும் தனிமையின் அளவு முறைக்கு முறை மாறுகிறது. சிஎச்ரூட் கோப்புகளை மட்டும் மறைக்கிறது. உள்ளே ரூட் உரிமையோடு ஓடும் தீய நிரல் வெளியேறிவிட முடியும். கொள்கலன் செயல்முறைகளையும் வலையமைப்பையும் சேர்த்து மறைக்கிறது. ஆனால் கெர்னல் பொது. மெய்நிகர் கணினிக்குச் சொந்தக் கெர்னலே உண்டு. அதற்கு ஈடாக நினைவகமும் நேரமும் கூடுதலாகச் செலவாகின்றன. தெரிந்த பொதிகளின் தவறுகளைப் பிடிக்க முதலிரண்டும் போதும். முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் நிரலைக் கட்டமைத்துத் தரும் பொதுச் சேவைக்கு மூன்றாவதே உகந்தது.

எந்த அறையும் எளிதில் மறைக்காத ஒன்று செயலி. சில மென்பொருள்கள் கட்டமைக்கும்போதே கணினியின் செயலி எது என்று பார்த்து, அதற்கே உரிய கட்டளைகளைப் பயன்படுத்திக்கொள்கின்றன. புதிய சர்வரில் கொள்கலனுக்குள் ஒழுங்காகக் கட்டமைந்த பொதி, பழைய கணினியில் 'சட்டவிரோதக் கட்டளை' என்ற பிழையோடு நின்றுவிடுவது இதனால்தான். கம்பைலருக்கு எந்தச் செயலி வகைக்கு நிரல் ஆக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்வதே இதற்கு மருந்து.

இணையத்தைத் துண்டிப்பது தனிமையின் இன்னொரு பாதி. டெபியனின் கொள்கை, முதன்மைப் பிரிவுப் பொதிகள் கட்டமைப்பின் நடுவே வலையமைப்பை நாடக் கூடாது என்கிறது. நோட் இயங்குசூழல், ரஸ்ட், கோ மொழிகள் போன்றவற்றின் கருவிகளோ தேவையான நிரலகங்களை அந்த நேரத்தில் இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளப் பழகியவை. இரண்டு பழக்கங்களும் மோதும் இடத்தில், தேவையான அனைத்தையும் முன்கூட்டியே, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாளமான ஹேஷ் மதிப்பையும் சரிபார்த்து இறக்கிவைத்து, அதன்பின் கதவைச் சாத்துவதே நடைமுறைத் தீர்வாகியிருக்கிறது.

அந்தத் தீர்வை அடிப்படை விதியாகவே ஆக்கியது நிக்ஸ் என்னும் பொதி மேலாண்மைக் கருவி. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் எல்கோ டோல்ஸ்ட்ரா செய்த ஆய்விலிருந்து அது பிறந்தது. அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு 2006-இல் வெளிவந்தது. நிக்ஸில் ஒவ்வொரு பொதியும் தன் உள்ளீடுகள் அனைத்திலிருந்தும் கணக்கிட்ட ஹேஷ் மதிப்பைப் பெயரில் தாங்கிய தனிக் கோப்புறையில் அமர்கிறது. கம்பைலரில் ஒரு சிறு திருத்தம் நேர்ந்தாலும் பெயர் மாறிவிடும். கட்டமைக்கும் அறைக்குள் அறிவித்த உள்ளீடுகள் மட்டுமே தெரியும். இணையத்தைத் தொட அனுமதி பெற்ற படிகள், தாம் கொண்டுவரப்போவதன் ஹேஷ் மதிப்பை முன்பே சொல்லியிருக்க வேண்டும். 2012-இல் லுடோவிக் கூர்டெஸ் அறிவித்த குனு கீக்ஸ் இதே நெறியைப் பின்பற்றுகிறது.

பைத்தான் உலகம் பாதி வழியில் நிற்கிறது. 2016-இல் ஏற்கப்பட்ட ஒரு மேம்பாட்டு முன்மொழிவு, பொதியைக் கட்டமைக்கத் தேவையானவற்றை ஒரு கோப்பில் அறிவிக்கச் செய்தது. பைத்தான் பொதிகளை நிறுவும் பிப் கருவியின் 2018-இல் வந்த 10-ஆம் பதிப்பு அந்த அறிவிப்பைப் படித்து, தற்காலிகமான தனிச்சூழலை எழுப்பத் தொடங்கியது. ஆனால் அந்தச் சூழல் பைத்தான் பொதிகளை மட்டுமே பிரிக்கிறது. கணினியின் சி நிரலகங்கள் அப்படியே உள்ளே தெரிகின்றன. பல லினக்ஸ்களிலும் ஓட வேண்டிய இருமப் பொதிகளை, பழைய சென்ட்ஓஎஸ் போன்ற ஒரு சூழலைக் கொண்ட கொள்கலனில் கட்டமைக்கும் வழக்கம் அந்த இடைவெளியை நிரப்புகிறது. பழைய அடிப்படை நிரலகத்தோடு இணைந்த பொதி புதியதிலும் ஓடும், மறுதலையாக ஓடாது.

கடிகாரமும் மொழியும்

அறை பூட்டப்பட்ட பிறகும் உள்ளே நுழைபவை உண்டு. அவற்றில் முதன்மையானது நேரம். எடுத்துக்காட்டாக, சிங்கப்பூர் நேரம் அனைத்துலக நேரத்தைவிட 8 மணி முன்னால் ஓடுகிறது. அங்கே சைனாடவுனில் ஒரு கடைவீட்டின் மாடி அலுவலகத்தில் ஜனவரி 1 காலை 7 மணிக்குக் கட்டமைக்கும் பொதியில் புதிய ஆண்டு பதியும். அதே நொடியில், அனைத்துலக நேரத்தில் ஓடும் சர்வரில் டிசம்பர் 31 இரவு 11 மணி. அங்கே பழைய ஆண்டு பதியும். மூலநிரல் ஒன்று, கருவிகள் ஒன்று, கணம்கூட ஒன்று. வெளிவரும் கோப்புகள் மட்டும் வேறு.

இதைவிட நுட்பமான சிக்கலும் சிங்கப்பூர் நேரத்தில் இருக்கிறது. யுனிக்ஸ் கடிகாரத்தின் பூஜ்ஜிய நொடி, அனைத்துலக நேரப்படி 1970 ஜனவரி 1 நள்ளிரவு. அதைச் சிங்கப்பூர் நேரத்தில் காட்டச் சொன்னால் காலை 8 மணி என்று வராது, 7.30 என்றே வரும். 1982 ஜனவரி 1 அன்றுதான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தி 8 மணி வேறுபாட்டுக்கு மாறியது. இந்த வரலாறு நேரமண்டலத் தரவுப் பொதியில் பதிந்திருக்கிறது. தனிச்சூழலில் அந்தப் பொதியைக் கேட்டு வாங்காவிட்டால், லினக்ஸ் சிங்கப்பூர் என்ற பெயரையே அறியாமல் அனைத்துலக நேரத்தைக் காட்டிவிடும். பழைய தேதிகளைச் சோதிக்கும் நிரல் அலுவலகக் கணினியில் வெற்றி பெற்று அறைக்குள் தோற்கும். நேரமண்டலத் தரவும் ஒரு சார்புப் பொதி என்பதை இப்படித்தான் நிரலாளர் கண்டுகொள்கிறார்.

மொழி அமைப்பும் இத்தகையதே. கணினியைத் தமிழில் வைத்திருப்பவர் தேதி கேட்டால் மாதப் பெயர் தமிழில் வரும். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எதிர்பார்க்கும் பழைய ஸ்கிரிப்ட் தடுமாறும். பெயர்களை அடுக்கும் வரிசையும் மொழிக்கு மொழி மாறுகிறது. ஆகவே கட்டமைப்பு அறைகளில் நடுநிலையான ஒரே மொழி அமைப்பை வைக்கிறார்கள். தமிழ் அகர வரிசையைச் சோதிக்க வேண்டிய மென்பொருளோ, தமிழ் மொழித் தரவைத் தன் தேவைப்பட்டியலில் வெளிப்படையாகச் சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் அந்தச் சோதனை ஓஸ்லோவிலும் ஒரேமாதிரி நடக்கும்; தமிழ் தெரியாத பராமரிப்பாளரும் தமிழுக்கு நேர்ந்த பிழையை உடனே காண்பார்.

ஒரே விளைவு, பலர் கையில்

உள்ளீடுகள் அனைத்தும் தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி எழுகிறது: அதே உள்ளீடுகளை வேறொருவர் வேறோர் இடத்தில் கட்டமைத்தால் ஒரு பிட்கூட மாறாத கோப்பு கிடைக்குமா? மறுஉருவாக்கத்தக்க கட்டமைப்பு என்னும் இந்த இயக்கம் 2013 முதல் டெபியனில் வலுப்பெற்றது. கோப்பில் பதிய வேண்டிய நேரத்தை, பொதியின் மாற்றப் பதிவேட்டில் உள்ள கடைசித் தேதியிலிருந்து எடுத்துக் கருவிகளுக்குச் சொல்லும் ஒரு சூழல் மாறியை அவர்கள் வகுத்தார்கள். பல கம்பைலர்களும் கருவிகளும் இன்று அதை மதிக்கின்றன.

முன்பு கண்ட எழுத்துருவுக்கு இது நேரடியாகப் பொருந்தும். எழுத்துருக் கோப்பின் தலைப்பு அட்டவணையில், உருவான நேரமும் திருத்திய நேரமும் 1904-இன் தொடக்கத்திலிருந்து எண்ணிய நொடிகளாகப் பதிகின்றன. கடிகாரத்தைப் பார்த்து அவற்றை எழுதினால், ஒரே எழுத்துருவை இருமுறை கட்டமைக்கும்போது இரண்டு வெவ்வேறு கோப்புகள் வரும். ஓர் எழுத்தின் வளைவை யாரேனும் மாற்றியிருக்கிறார்களா, நேரம் மட்டும்தான் மாறியிருக்கிறதா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நேரத்தை நிலைப்படுத்தினால் அந்த ஐயத்துக்கே இடமில்லை.

பிட்காயின் மென்பொருள் இதில் முன்னோடி. பலர் தனித்தனியே கட்டமைத்து, ஒரே ஹேஷ் மதிப்பு வந்ததென்று கையொப்பமிடும் முறையை அது 2011 முதலே வளர்த்தது, 2021-இல் 22.0 பதிப்போடு அந்த வேலையை கீக்ஸுக்கு மாற்றியது. பணம் கையாளும் மென்பொருளில் எந்த ஒருவரின் கணினியையும் தனியே நம்ப வேண்டாம் என்பதே காரணம்.

தனிச்சூழல் எங்கே தோற்கிறது

மூன்று நிகழ்வுகள் இந்த முறையின் எல்லையைத் தெளிவாகக் காட்டுகின்றன.

2020 டிசம்பரில் வெளிப்பட்ட, சோலார்விண்ட்ஸ் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் நேர்ந்த ஊடுருவலில், தாக்கியவர்கள் மூலநிரல் களஞ்சியத்தைத் தொடவில்லை. கட்டமைப்புக் கணினியில் ஒரு நிரலை அமர்த்தினார்கள். கம்பைலர் ஓடத் தொடங்கும் கணத்தை அது காத்திருந்து கண்டறிந்து, ஒரு மூலக்கோப்பை மாற்றிவைத்து, வேலை முடிந்ததும் பழையபடி வைத்துவிடும். விளைந்த பொதி நிறுவனத்தின் முறையான கையொப்பத்தோடு வெளியேறியது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதைப் பெற்றிருக்கலாம் என்று நிறுவனமே கூறியது. ஒவ்வொரு முறையும் அழித்துப் புதிதாய் எழுப்பும் அறை, நீண்ட நாள் தங்கியிருக்கும் இத்தகைய ஒற்றனுக்கு இடம் தராது. ஆனால் அறையை எழுப்பும் கணினியே வசப்பட்டால் அறையால் பயனில்லை. வேறோர் இடத்தில் மறுபடி கட்டமைத்து ஒப்பிட்டிருந்தால் வேறுபாடு தெரிந்திருக்கும்.

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர் வெளிப்படுத்திய, எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க மென்பொருளில் நேர்ந்த நிகழ்வு வேறு வகை. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுக் கோப்பில், பொதுக் களஞ்சியத்தில் இல்லாத ஒரு ஸ்கிரிப்ட் வரி ஒளிந்திருந்தது. டெபியன் அல்லது ஆர்பிஎம் பொதியாகக் கட்டமைக்கப்படுகிறதா என்று அது சோதித்தது. ஆம் என்றால் மட்டும் பின்கதவை நிரலகத்தில் சேர்த்தது. தனிச்சூழல்கள் தம் வேலையைச் சரியாகவே செய்தன. உள்ளே கொடுத்த மூலமே நஞ்சாக இருந்தது. உள்நுழைவில் நேர்ந்த அரை நொடித் தாமதத்தைத் துருவிய அந்தப் பொறியாளரின் கவனமே உலகைக் காத்தது.

மூன்றாவது, 1984-இல் அச்சில் வெளிவந்த தம் டூரிங் விருது உரையில் கென் தாம்சன் விளக்கிய ஆபத்து. ஒரு கம்பைலர் தன்னைத்தானே மறுபடி கட்டமைக்கும்போது, மூலநிரலில் சுவடே இல்லாத ஒரு பின்கதவை அடுத்த தலைமுறைக் கம்பைலருக்குக் கடத்த முடியும். அறைக்குள் முதலில் வைக்கும் கம்பைலர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அறையிடம் பதில் இல்லை. 2023-இல் கீக்ஸ் திட்டத்தினர் வெறும் 357 பைட் அளவுள்ள ஒரு சிறு நிரலிலிருந்து தொடங்கி, படிப்படியாக முழுக் கருவித்தொகுதியையும் மூலநிரலிலிருந்தே எழுப்பிக் காட்டினார்கள். மனிதர் ஒருவர் உட்கார்ந்து படித்துமுடிக்கக்கூடிய அளவு அது.

சிங்கப்பூரில்

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி மூன்று தளங்களில் எழுந்திருக்கிறது. முதலாவது ஆய்வுக் கணிப்பு. தேசிய மீக்கணிப்பு மையம் 2016-இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்த ஆஸ்பயர் 1 கணினியைப் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் பகிர்ந்துகொண்டன. இத்தகைய பொதுக் கணினிகளில் எந்த ஆய்வாளருக்கும் ரூட் உரிமை கிடைக்காது. ஒருவர் கேட்கும் நிரலகப் பதிப்பு இன்னொருவரின் வேலையைக் கெடுக்கக்கூடும். சிங்குலாரிட்டி போன்ற, ரூட் உரிமை தேவைப்படாத கொள்கலன்கள் இங்கே பொருந்துகின்றன. ஆய்வுக் கட்டுரையில் வந்த கணக்கை மறுபடி ஓட்டிச் சரிபார்க்கவும் அவை வழி செய்கின்றன.

இரண்டாவது அரசு மென்பொருள். அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பான கவ்டெக், அரசு அமைப்புகளின் நிரல்களைக் கட்டமைத்துச் சோதித்து வெளியிட ஷிப்-ஹாட்ஸ் என்னும் பொதுத் தடத்தை நடத்துகிறது. ஒவ்வோர் அமைப்பும் ஒப்பந்தக்காரரின் மடிக்கணினியை நம்பியிராமல், பதிவுகள் தங்கும் ஒரே தடத்தில் கட்டமைப்பது பெரிய முன்னேற்றம். 2020 மார்ச்சில் அறிமுகமான, கோவிட் தொற்றுத் தொடர்புகளைத் தடமறியும் டிரேஸ்டுகெதர் செயலிக்கு அடுத்த மாதமே ஓப்பன்டிரேஸ் என்னும் திறந்த மூலநிரலையும் கவ்டெக் வெளியிட்டது. அது முன்மாதிரி நிரல். கைபேசிகளில் இறங்கிய செயலியோடு பிட் அளவில் ஒப்பிடுவதற்கானது அல்ல. நெறிமுறையை எவரும் படிக்க முடிந்தது. தம் கைபேசியில் ஓடுவது அதுதானா என்று உறுதிசெய்வது அடுத்த படி. திறந்த மூலநிரலோடு மறுஉருவாக்கமும் சேர்ந்தால்தான் அந்தப் படியை எட்ட முடியும்.

மூன்றாவது வன்பொருள். சிங்கப்பூரில் வாழும் பன்னி ஹுவாங், ஷான் கிராஸ் ஆகியோர் உருவாக்கிய பிரிகர்சர் என்னும் கையடக்கக் கருவியில் வழக்கமான செயலிச் சில்லு கிடையாது. மாற்றியமைக்கத்தக்க சில்லில், செயலியின் வடிவமைப்பையே பயனர் தாமே மூலத்திலிருந்து கட்டமைத்து ஏற்றிக்கொள்ளலாம். 2020 ஜூனில் டிரேஸ்டுகெதர் கையடக்கச் சாதனத்தைப் பிரித்துப் பார்க்க கவ்டெக் அழைத்த வல்லுநர்களில் இவ்விருவரும் இருந்தனர். அரசுச் சாதனத்தைப் பிரித்து நோக்கிய கண்ணும், சொந்தக் கருவியை எவரும் கட்டமைக்கும்படி செய்த கையும் ஒரே கொள்கையைச் சார்ந்தவை: நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டும்.

தொகுத்துப் பார்த்தால்

தனிச்சூழலில் கட்டமைப்பதன் முதல் பயன், ஒரு பொதி தன் தேவைகளை முழுமையாக அறிவிக்க வேண்டிய நிலை உருவாவது. தாக்குதலிலிருந்து காப்பது இரண்டாம் பயன். அதுவும் குறிப்பிட்ட எல்லைக்குள்தான். அறிவிப்பு முழுமையாக இருந்தால் மறுஉருவாக்கம் சாத்தியமாகும். மறுஉருவாக்கம் இருந்தால் கட்டமைப்புக் கணினியின் கள்ளத்தைப் பிறர் பிடிக்க முடியும். மூலநிரலின் கள்ளத்தைப் பிடிக்க, அதைப் படிக்கும் மனிதர்கள் வேண்டும். அந்த இடத்தை எந்தக் கருவியும் நிரப்பவில்லை.

ஒரு சிறு குழு இந்த வரிசையிலேயே முன்னேறலாம். ஒவ்வொரு முறையும் புதிய அறையில், இணையம் துண்டித்துக் கட்டமைப்பது முதல் படி. நேரம், மொழி, செயலி வகை ஆகியவற்றை நிலைப்படுத்துவது இரண்டாம் படி. இரண்டு வெவ்வேறு கணினிகளில் கட்டமைத்து ஹேஷ் மதிப்புகளை ஒப்பிடுவது மூன்றாம் படி. வெளியீட்டுக் கோப்பும் பொதுக் களஞ்சியமும் ஒன்றுதானா என்று பார்ப்பது நான்காம் படி. முதல் இரண்டுக்கும் தேவையான கருவிகள் அனைத்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மக்கள் பணத்தில் உருவாகி மக்களின் கைபேசிக்குள் செல்லும் மென்பொருளுக்கு நான்கும் கட்டாயம்.